கார்டைக் காக்கவைக்கும் பிராசஸர்

புதிதாக கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டுவிட்டு, "அண்ணா, கேம் பழைய மாதிரியேதான் ஓடுது. கார்டு டூப்ளிகேட்டா?" என்று கேட்டு வருகிறவர்களை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பார்த்துவருகிறேன். வூடூ போய் ஜிஃபோர்ஸ் வந்தது, ரேடியான் வந்தது, ஆர்டிஎக்ஸ் வந்தது. கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது. அவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: கேமின் ரெசல்யூஷனைக் குறைத்துப் பார். 1920க்கு 1080இல் ஓடுவதை 1280க்கு 720 ஆக்கினால் கார்டு வரைய வேண்டிய புள்ளிகள் பாதிக்கும் கீழே போய்விடும். அப்படியும் ஃபிரேம் ஏறவில்லை என்றால் கார்டு நல்ல கார்டுதான், பிராசஸர்தான் அதற்கு வேலை கொடுக்கவில்லை. பரோட்டாக் கடையில் மாவு வீசுகிறவர் நிமிடத்துக்கு ஆறுதான் வீசுகிறார் என்றால், எவ்வளவு பெரிய கல்லை வாங்கி வைத்தாலும் ஆறுதான் வேகும்.

ஒவ்வொரு ஃபிரேமுக்கும் முதலில் பிராசஸர் கணக்குப் போட வேண்டும். எதிரி எங்கே நிற்கிறான், தோட்டா எந்தப் பக்கம் போகிறது, இந்தக் காட்சியில் எதையெல்லாம் வரைய வேண்டும் என்ற பட்டியலை அது தயாரித்துத் தந்த பிறகுதான் கார்டு வரையும். ஒரு ஃபிரேமுக்குப் பிராசஸர் 20 மில்லிசெகண்டும் கார்டு 10 மில்லிசெகண்டும் எடுத்துக்கொண்டால் விநாடிக்கு 50 ஃபிரேம் கிடைக்கும். பிராசஸர் வேகத்தை 20 சதவீதம் ஏற்றினால் அதன் நேரம் 16.7 ஆகி, 60 ஃபிரேம் வரும். அதே செட்டில் கார்டுக்கு 25 மில்லிசெகண்ட் பிடிக்கிற கேமை ஓட்டினால் 40தான். பிராசஸரை எவ்வளவு விரட்டினாலும் அது 41 ஆகாது. ஓவர்கிளாக் செய்துகொடுத்துப் பிழைத்த என் தொழிலின் கணக்கு முழுவதும் பிராசஸரின் நேரம், கார்டின் நேரம் என்ற இந்த இரண்டு எண்களுக்குள் அடங்கும். இவற்றைப் பார்க்காமல் மெகாஹெர்ட்ஸை மட்டும் பார்த்தவர்கள் நிறையப் பணத்தை வீணாக்கியதைக் கண்ணால் கண்டிருக்கிறேன்.

நான் சென்னை ரிச்சி தெருவுக்கு வேலைக்கு வந்தது 1997இல். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்திருந்தேன். சால்டரிங் தெரியும், மல்டிமீட்டர் பிடிக்கத் தெரியும். ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் சாமான்களுக்குப் பேர்போன தெரு அது. அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் ரோடு என்று கடைகள் விரியும். கண்டன்சரும் டிரான்சிஸ்டரும் இருந்த அலமாரிகளில் மதர்போர்டுப் பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்த நேரம். பிராண்டட் கம்ப்யூட்டர் வாங்க முடியாத குடும்பங்கள் அசெம்பிள்ட் செட்டுக்கு எங்களிடம் வந்தன. அப்பா பட்ஜெட் சொல்வார். கூட வந்த பையன் அந்த பட்ஜெட்டுக்குள் கேம் ஓடுமா என்று கண்ணால் கேட்பான்.

அந்தப் பையன்களுக்கு விடியல் 1998 ஆகஸ்டில் வந்தது. இன்டெல் அந்த மாதம் பென்டியம் 2இன் 450 மெகாஹெர்ட்ஸ் சில்லை வெளியிட்டது. விலை 669 டாலர். கூடவே செலிரான் 300ஏ என்று ஒன்று, 149 டாலருக்கு. முதலில் வந்த செலிரான்களில் எல்2 கேஷ் கிடையாது, வாங்கியவர்கள் நொந்துபோயிருந்தார்கள். 300ஏவில் 128 கிலோபைட் கேஷை சில்லுக்குள்ளேயே வைத்திருந்தார்கள், அதுவும் பிராசஸரின் முழு வேகத்தில் ஓடும்படி. பென்டியம் 2இல் 512 கிலோபைட் இருந்தாலும் அது பாதி வேகத்தில்தான் ஓடும். 300ஏவின் மல்டிப்ளையர் 4.5, பூட்டப்பட்டது. பஸ் 66 மெகாஹெர்ட்ஸ். அந்த பஸ்ஸை 100க்கு ஏற்றினால் 4.5 தடவை நூறு, 450. நான்கில் ஒரு பங்கு விலைக்கும் குறைவாக மேல்தட்டுச் சில்லின் வேகம்.

செய்வது எளிது. ஸ்லாட்டில் செருகும் அட்டையின் ஓரத்தில் பி21 என்ற தொடுமுனை இருக்கிறது. அதன்மேல் மெல்லிய டேப்பை ஒட்டிவிட்டால், வந்திருப்பது 100 மெகாஹெர்ட்ஸ் சில்லு என்று போர்டு எடுத்துக்கொள்ளும். அபிட் பிஎச்6 போர்டு கிடைத்தவர்களுக்கு டேப்பும் வேண்டாம், பயாஸுக்குள்ளேயே பஸ்ஸையும் வோல்டேஜையும் மாற்றலாம். அதுவரை ஜம்பரைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகிய எங்களுக்கு அந்த மெனு பெரிய விடுதலை. ராம் மட்டும் பிசி100 ஆக இருக்க வேண்டும்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு விளங்காத ஒரு விஷயம் இதில் உண்டு. "ஒரேயடியா 100 வேணாம், நடுவுல 83 வெச்சுக் குடுங்க" என்று பயந்தவர்கள் கேட்பார்கள். அந்த போர்டுகளின் பிஎக்ஸ் சிப்செட்டில் 83தான் ஆபத்து. 100இல் பஸ்ஸை மூன்றால் வகுத்து பிசிஐக்கு 33 மெகாஹெர்ட்ஸ் போகும், அதுதான் முறையான வேகம். 83இல் இரண்டால்தான் வகுக்கும், பிசிஐ 41.5இல் ஓடும். ஹார்ட் டிஸ்க் கன்ட்ரோலர் அந்த பஸ்ஸில்தான் இருக்கிறது. மெதுவாகப் போகிறோம் என்று நினைத்தவர்களின் விண்டோஸ் ஃபைல்கள்தான் சிதைந்தன.

450 ஆக்கிய செலிரானோடு ஒரு வூடூ 2 கார்டைப் போட்டு குவேக் 2 ஓட்டியபோது கிடைத்த வேக ஏற்றத்தைப் போல் அதற்குப் பிறகு நான் அதிகம் பார்த்ததில்லை. காரணம் இருக்கிறது. அந்தக் காலத்துக் கார்டு முக்கோணங்களுக்கு வண்ணம் பூசுவதோடு சரி. அந்த முக்கோணம் திரையில் எங்கே விழும், எவ்வளவு வெளிச்சம் அதன்மேல் படும் என்ற கணக்கெல்லாம் பிராசஸர் தலையில்தான். 1999இல் ஜிஃபோர்ஸ் 256 வந்துதான் அந்தச் சுமையைக் கார்டு வாங்கிக்கொண்டது. அதற்கு முன்னால் நல்ல கார்டு வைத்திருந்த ஏறக்குறைய எல்லாருமே பிராசஸருக்காகக் காத்திருந்தவர்கள். பாட்டில்நெக் என்ற சொல்லைத் தெருவில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. "கார்டுக்கு ஏத்த பிராசஸர் இல்ல" என்போம், அவ்வளவுதான்.

பிறகு ஏஎம்டி காலம். 2000இல் வந்த டியூரானிலும் தண்டர்பேர்ட் ஆத்லானிலும் மேற்பரப்பிலேயே எல்1 என்று குறித்த சிறு புள்ளிகள் தெரியும். அறுபட்டிருக்கும் அந்த இணைப்புகளைப் பென்சிலால் கோடு போட்டுச் சேர்த்தால் மல்டிப்ளையர் பூட்டு திறந்துவிடும். கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும் என்ற பள்ளிக்கூட அறிவியல் கடையில் பயன்பட்டது. நன்றாகக் கூர்சீவிய பென்சில், ஒரு பூதக்கண்ணாடி, நடுங்காத கை. அடுத்த ஆண்டு ஆத்லான் எக்ஸ்பியில் அந்தப் புள்ளிகளுக்கு நடுவே லேசரால் குழி போட்டுவிட்டார்கள், பென்சில் வித்தை முடிந்தது. பூட்டைத் திறப்பதைவிட ஹீட்சிங்க் மாட்டுவதுதான் அந்தச் சில்லுகளில் கடினம். மேலே உலோக மூடி கிடையாது, சிலிக்கன் வெறுமையாகத் தெரியும். கிளிப்பை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தும்போது ஹீட்சிங்க் ஒரு பக்கம் சாய்ந்தால் சிலிக்கனின் மூலை உதிரும். தண்டர்பேர்டில் சூட்டைக் கண்டு தானே நிற்கிற ஏற்பாடும் இல்லை. ஹீட்சிங்க் சரியாக உட்காராமல் ஆன் செய்தால் சில விநாடிகளில் சில்லு கருகிவிடும். கடையில் புதிதாகச் சேர்ந்த பையன்களை ஆத்லானைத் தொட விட்டதில்லை.

2003இல் வந்த ஆத்லான் எக்ஸ்பி 2500+ ஐயும் சொல்ல வேண்டும். என்ஃபோர்ஸ் 2 போர்டில் போட்டு, 166ஆக இருந்த பஸ்ஸை 200 ஆக்கினால் அதுவே 3200+ ஆகிவிடும். மல்டிப்ளையர் 11, வேகம் 2.2 கிகாஹெர்ட்ஸ். பயாஸில் ஒரே ஒரு எண். கவுன்டர் ஸ்ட்ரைக் ஓட்டிய கேம் சென்டர்களுக்கு அந்தச் சில்லை நிறையவே போட்டுக்கொடுத்தோம்.

என் தொழிலில் நான் அதிகம் கற்றது 2007, 2008இல். இரண்டு பொருள்கள் அப்போது ஒன்றாக வந்தன. இன்டெல் கோர் 2 குவாட் கியூ6600இன் விலை 2007 ஜூலையில் 266 டாலருக்கு இறங்கியது. அக்டோபர் கடைசியில் என்விடியாவின் 8800 ஜிடி வந்தது, நடுத்தர விலையில் மேல்தட்டு வேகம். இந்த இரண்டையும் பி35 போர்டில் போட்டுக்கொடுங்கள் என்று ஆள்மாற்றி ஆள் வந்தார்கள். கியூ6600 பெட்டியிலிருந்து எடுத்தபடி 2.4 கிகாஹெர்ட்ஸ்: பஸ் 266, மல்டிப்ளையர் 9. பஸ்ஸை 333 ஆக்கினால் 3.0. அது அநேகமாக எல்லாச் சில்லிலும் வரும், போர்டும் அந்த பஸ்ஸுக்கென்றே செய்யப்பட்டது. 400 ஆக்கினால் 3.6. அங்கேதான் சில்லுக்குச் சில்லு வித்தியாசம் தெரியும். ஜி0 ஸ்டெப்பிங் என்ற பின்னால் வந்த வகைக்குச் சூடு குறைவு, பெட்டியின் மேல் உள்ள குறியீட்டைப் பார்த்து அதையே கேட்டு வாங்குவார்கள்.

அந்தக் காலத்தில்தான் "எந்த கேம்?" என்று முதலில் கேட்கப் பழகினேன். 22 அங்குல மானிட்டரில், 1680க்கு 1050இல், கிரைசிஸ் ஓட்டுகிறவருக்குப் பிராசஸரை 2.4இலிருந்து 3.6க்குக் கொண்டுபோனாலும் பெரிதாக எதுவும் நடக்காது. கிரைசிஸ் கார்டைப் பிழிந்து எடுக்கும் கேம், பிராசஸர்தான் அங்கே காத்திருக்கும். அதே செட்டில் 2008 டிசம்பரில் வந்த ஜிடிஏ 4ஐப் போட்டால் கதை தலைகீழ். நகரம் முழுக்க நடக்கிற ஆட்கள், ஓடுகிற கார்கள், எல்லாம் பிராசஸர் கணக்கு. 3.6 ஆக்கியவுடன் ஆட்டத்தின் திக்கல் கண்கூடாகக் குறைந்தது. ஒரே பெட்டிக்குள் ஒரு கேமில் கார்டு தடை, மற்றொன்றில் பிராசஸர் தடை. "இந்தக் கார்டுக்கு இந்தப் பிராசஸர் போதுமா?" என்று மட்டும் கேட்டால் பதில் கிடையாது.

பணம் குறைவாக இருந்தவர்கள் அப்போது பென்டியம் டூயல் கோர் இ2160 வாங்கினார்கள். 1.8 கிகாஹெர்ட்ஸ் சில்லு, பஸ்ஸை 333க்கு ஏற்றினால் 3.0 வரும். ஆனால் அதில் கேஷ் ஒரு மெகாபைட்தான், இ6600இல் நான்கு. இரண்டையும் ஒரே வேகத்தில் வைத்து கேம் ஓட்டினால் நான்கு மெகாபைட் சில்லு தெளிவாக முந்தும். வேண்டிய தகவல் பக்கத்தில் இல்லாவிட்டால் ராம் வரை போய் எடுத்துவர வேண்டும். அது வந்து சேரும்வரை கிகாஹெர்ட்ஸ் எத்தனை இருந்தும் வேலை நடக்காது. பின்னாளில் நடந்த பெரிய மாற்றத்துக்கான விதை அன்றே அங்கே இருந்தது.

சென்னையில் ஓவர்கிளாக் செய்கிறவனுக்கு வெயில்தான் முதல் எதிரி. வெளிநாட்டு விமர்சகர்கள் 22 டிகிரி அறையில் சோதித்து எழுதுவார்கள். நம்முடைய பையன் மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையில், கத்திரி வெயிலில், ஃபேன் காற்றில் விளையாடுவான். ராத்திரி எட்டு மணிக்கும் சுவர் சூடு விடும். அறையே 34 டிகிரி என்றால், விமர்சனத்தில் 70 காட்டிய சில்லு இங்கே 82க்குப் போகும். மேசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் டேபிள் என்று விற்ற மர மேசையில் கேபினெட் வைக்க ஓர் அறை இருக்கும், முன்னால் கதவோடு. தூசு போகாது என்று வீட்டில் கதவைச் சாத்தி வைப்பார்கள். உள்ளே சுடுகாற்று வெளியேற வழியே இல்லை.

வேளச்சேரியிலிருந்து ஒரு பையன் மே மாதத்தில் வந்தான். வேறு இடத்தில் அவன் பிராசஸரை 3.6க்கு ஏற்றிக்கொடுத்திருந்தார்கள். "மொதல் இருபது நிமிஷம் சூப்பரா ஓடுதுண்ணா, அப்புறம் படம் நின்னு நின்னு போவுது." வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். மரக் கதவுக்குப் பின்னால் கேபினெட். பிராசஸரோடு வந்த கூலரின் நான்கு கிளிப்புகளில் ஒன்று போர்டில் சரியாகப் பிடிக்கவே இல்லை. சூடு எல்லையைத் தொட்டதும் சில்லு தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. கார்டைக் காக்கவைக்கக் கூடாது என்று ஏற்றிய வேகமே கார்டை இன்னும் அதிகமாகக் காக்கவைத்தது. கூலரை எடுத்துத் துடைத்து, புது பேஸ்ட் வைத்து நான்கு கிளிப்பும் சொடுக்கும்படி மாட்டினேன். கேபினெட்டை வெளியே வைத்தேன். வேகத்தை 3.2க்கு இறக்கி, வோல்டேஜையும் அதற்கேற்பக் குறைத்தேன். ஆட்டம் முழுக்க ஒரே சீராக ஓடியது. "வேகத்தைக் குறைச்சு ஃபிரேமை ஏத்தினீங்களே" என்று அவன் அப்பா ஆச்சரியப்பட்டார். கடைக்கு வருகிறவர்களுக்கு அந்த வீட்டுக் கதையைப் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

இதற்குப் பின்னால் ஒரு சூத்திரம் இருக்கிறது. சில்லு தின்னும் மின்சாரம் வேகத்தோடு நேராக ஏறும், வோல்டேஜோடு வர்க்கமாக ஏறும். 1.20 வோல்ட்டில் 4.0 கிகாஹெர்ட்ஸ் ஓடுகிற சில்லை 1.35 வோல்ட் கொடுத்து 4.5 ஆக்கினால் வேகம் 12.5 சதவீதம் கூடும், மின்சாரமும் சூடும் 42 சதவீதம் கூடும். ஆகவே வோல்டேஜைத் தொடாமல் எவ்வளவு போகிறதோ அதை முதலில் வாங்கிக்கொள்வேன். அதற்கு மேல் ஒவ்வொரு படிக்கும் கேமில் என்ன கிடைக்கிறது என்று அளந்து பார்ப்பேன். ஃபிரேம் ஏறாமல் சூடு மட்டும் ஏறும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும்.

சூட்டுக்கு அடுத்தது கரண்ட். கேபினெட்டோடு சேர்ந்துவரும் மலிவு எஸ்எம்பிஎஸ், அதாவது பவர் சப்ளைமேல் 450 வாட் என்று ஒட்டியிருக்கும். அந்த ஸ்டிக்கரை நம்பி 3.6 கிகாஹெர்ட்ஸ் குவாடையும் 8800 ஜிடியையும் மாட்டினால் கேம் நடுவில் செட் அணைந்து அணைந்து எழும். எடையைத் தூக்கிப் பார்த்தே நல்ல சப்ளையா இல்லையா என்று தெருவில் சொல்லிவிடுவோம். 2012இல் மின்வெட்டு கடுமையாக இருந்தபோது இன்னொரு தொல்லை புரிந்தது. வீட்டு இன்வெர்ட்டர் சதுர அலையில் கரண்ட் கொடுக்கும். ஆக்டிவ் பிஎஃப்சி உள்ள நல்ல சப்ளைகள் சில, அந்த அலையை ஏற்காமல் கரண்ட் போன நொடியில் செட்டை அணைத்துவிடும். விலை கூடிய சப்ளை வாங்கியவருக்கு இது புரியாது, உட்கார்ந்து விளக்க வேண்டும்.

வேகம் ஏற்றிய செட்டை எப்போது கையில் கொடுக்கலாம் என்பதிலும் ஒரு ஒழுங்கு வேண்டும். விண்டோஸ் வந்துவிட்டது, கேம் ஓடுகிறது என்பது போதாது. பிரைம்95 என்ற நிரல் பெரிய பகா எண்களைத் தேடுவதற்காக எழுதப்பட்டது. ஒவ்வொரு கணக்கிலும் தன் விடையைத் தானே சரிபார்த்துக்கொள்ளும். ரவுண்டிங் 0.5 வந்தது, 0.4க்குக் கீழே இருக்க வேண்டும் என்று அது ஒரு வரி எழுதி நின்றால், அந்தச் சில்லு எங்கோ ஒரு கூட்டலைத் தப்பாகப் போட்டிருக்கிறது என்று பொருள். கேம் அந்தத் தப்பைப் பொறுத்துக்கொள்ளும், திரையில் எங்கோ ஒரு புள்ளி நிறம் மாறும். இரவு முழுக்க பிரைம்95, அதற்கு முன் மெம்டெஸ்ட், இரண்டும் தாண்டாத செட்டை நான் வெளியே அனுப்புவதில்லை.

கல்யாண வீடியோ எடிட் செய்கிற ஒருவர், ரெண்டர் சீக்கிரம் முடியட்டும் என்று குவாடை ஏற்றித் தரக் கேட்டார். நல்ல கூலி தருவதாகவும் சொன்னார். மறுத்துவிட்டேன். "சார், கேம்ல ஒரு கணக்கு தப்பினா இன்னொரு தடவ ஆடிக்கலாம். முகூர்த்தத்தத் திரும்ப எடுக்க முடியாது." ஃபைல் சிதைவது சத்தமில்லாமல் நடக்கும். காப்பி எடுத்தால் காப்பியிலும் அந்தச் சிதைவு இருக்கும். பெட்டியில் எழுதிய வேகத்திலேயே ஓட்டச் சொல்லி, ராமைக் கூட்டி, இன்னொரு ஹார்ட் டிஸ்க் போட்டுக்கொடுத்தேன். பிழைப்புக்கான செட்டையும் விளையாட்டுக்கான செட்டையும் ஒரே மாதிரி நடத்தக் கூடாது என்பதில் இன்றைக்கும் மாற்றமில்லை.

2011 ஜனவரியில் சாண்டி பிரிட்ஜ் வந்ததும் எங்கள் கைவேலையில் பாதி போய்விட்டது. எல்லா பஸ்ஸையும் ஒரே கடிகாரத்தோடு கட்டிவிட்டார்கள். அடிப்படை 100 மெகாஹெர்ட்ஸைச் சற்றுத் தாண்டினாலே செட் தடுமாறும். ஏற்ற வேண்டுமா, பெயரில் கே என்ற எழுத்துள்ள சில்லை வாங்கு. ஐ5-2500 விலை 205 டாலர், 2500கே 216. கூடவே பி67 போர்டு, எச்67இல் அந்த மெனு வராது. மல்டிப்ளையரை 45 என்று மாற்றி ஓரளவு நல்ல கூலரைப் போட்டால் 4.5 கிகாஹெர்ட்ஸ். முன்பு மலிவுச் சில்லை வாங்கி விலை உயர்ந்த சில்லின் வேகத்தை எடுத்தோம். இப்போது அந்த உரிமைக்கே தனி விலை. ஆனாலும் 2500கேயைக் குறை சொல்ல மாட்டேன். அதை வாங்கியவர்கள் இரண்டு மூன்று தலைமுறைக் கார்டுகளை அதே பிராசஸரில் மாற்றி மாற்றிப் போட்டார்கள். ஓவர்கிளாக் தன் வேலையை மிக நேர்மையாகச் செய்த சில்லு அது.

2014இல் பென்டியம் பெயருக்கு இருபது ஆண்டு ஆனதைக் கொண்டாட இன்டெல் ஜி3258ஐ விட்டது. 72 டாலர், இரண்டு கோர், பூட்டு இல்லை. 300ஏ திரும்பி வந்துவிட்டது என்று தெருவே கொண்டாடியது. 4.4, 4.5 என்று ஏறவும் செய்தது. பழைய கேம்கள் பறந்தன. அந்த நவம்பரில் ஃபார் கிரை 4 வந்தபோது, இந்தச் சில்லில் அது தொடங்கவே மறுத்தது, கறுப்புத் திரையோடு நின்றது. கேம் எழுதுகிறவர்கள் வேலையை நான்காகப் பிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். இரண்டு கோரை எந்த வேகத்துக்கு ஏற்றினாலும் மூன்றாவது கோர் முளைக்காது. இதற்கு நேர்மாறான தவறும் பரவலாக உண்டு. டாஸ்க் மேனேஜரில் பிராசஸர் 30 சதவீதம்தான் காட்டுகிறது, ஆகவே பிராசஸர் தடையில்லை என்பார்கள். நான்கு கோரில் ஒன்று முழுக்கத் திணறினாலே மொத்தக் கணக்கில் 25தான் வரும். பார்க்க வேண்டியது கார்டின் எண்ணை. ஃபிரேமுக்கு எந்த வரம்பும் வைக்காமல் ஓட்டும்போது அது 95க்குக் கீழே கிடந்தால் கார்டு யாருக்கோ காத்திருக்கிறது.

காத்திருப்பைக் குறைக்க வேறு வழிகளும் அந்த ஆண்டுகளில் திறந்தன. ஏஎம்டியின் மேன்டில், பிறகு டைரக்ட்எக்ஸ் 12, வல்கன் எல்லாம் பட்டியல் போடும் வேலையைப் பல கோர்களுக்குப் பிரித்துக்கொடுத்தன. அப்படி எழுதப்பட்ட கேமில் சாதாரண வேகமே போதுமானதாக இருந்தது.

2017இல் ரைசன் வந்தபோது எல்லாச் சில்லிலும் பூட்டைத் திறந்துவிட்டே விற்றார்கள், நடுத்தர பி350 போர்டிலும் ஏற்றலாம். ஆனால் ஏற்ற அதிகம் இடமில்லை, 4.0க்கு அருகிலேயே மூச்சு வாங்கும். லாபம் ராமில் இருந்தது. கோர்களை இணைக்கும் உள்பாதையின் வேகம் ராமின் வேகத்தோடு கட்டப்பட்டிருந்தது. 3200 ராமைக் காசு கொடுத்து வாங்கிவிட்டு, பயாஸில் எக்ஸ்எம்பியை ஆன் செய்யாமல் 2133இலேயே ஓட்டியவர்கள் ஏராளம். ராமை ஒற்றை ஸ்டிக்காகப் போட்டவர்கள் இன்னும் மோசம், இரட்டை வழியில் ஒன்றுதான் திறந்திருக்கும். அந்த இரண்டையும் சரிசெய்து அனுப்பிய செட்கள், பிராசஸர் வேகத்தைத் தொடாமலே கேமில் நன்றாக முன்னேறின.

2022 ஏப்ரலில் வந்தது ஏஎம்டியின் 5800எக்ஸ்3டி. சில்லின் மேலேயே இன்னொரு கேஷ் அடுக்கை ஒட்டி, எல்3ஐ 32 மெகாபைட்டிலிருந்து 96 ஆக்கியிருந்தார்கள். அந்த அடுக்கு அதிக வோல்டேஜையும் சூட்டையும் தாங்காது, ஆகவே உச்ச வேகம் 5800எக்ஸின் 4.7இலிருந்து 4.5க்கு இறங்கியது. மல்டிப்ளையரையும் பூட்டிவிட்டார்கள். ஓவர்கிளாக் செய்ய முடியாத, வேகம் குறைந்த அந்தச் சில்லு, கேமில் தன் காலத்துச் சில்லுகளில் மிக வேகமானவற்றோடு சேர்ந்துகொண்டது. பிராசஸர் ராமுக்காகக் காத்திருந்த நேரத்தை அந்த கேஷ் மிச்சப்படுத்தியது. இ2160இல் பார்த்த பாடத்தின் மறுபக்கம் இது.

தொழிற்சாலைகளே இப்போது சில்லை எல்லைவரை ஏற்றி விற்கின்றன. நாம் எடுத்துக்கொள்ள மிச்சம் அதிகம் வைப்பதில்லை. 2024இல் இன்டெல் தன் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சில்லுகள் சிலவற்றில் தேவைக்கு மேல் வோல்டேஜ் போவதால் நிலைகுலைவு வருவதாக அறிவித்து, மைக்ரோகோடைத் திருத்தி, வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டியது. இப்போது என்னிடம் வரும் செட்களில் நான் பெரும்பாலும் வோல்டேஜை இறக்குகிறேன். ரைசன் என்றால், பயாஸில் உள்ள கர்வ் ஆப்டிமைசரில் கோர் கோராகக் குறைத்துக்கொண்டே வந்தால், மிச்சமாகும் சூட்டில் சில்லு தானாகவே கொஞ்சம் மேலே ஏறிக்கொள்கிறது. கத்திரி வெயிலில் இதன் பலன் நன்றாகவே தெரியும்.

சென்ற ஆண்டு ஒரு கல்லூரி மாணவன் ரைசன் 5 3600 செட்டில் ஆர்டிஎக்ஸ் 4070 போட்டுக்கொண்டு வந்தான். 1080 மானிட்டர், 144 ஹெர்ட்ஸ், கவுன்டர் ஸ்ட்ரைக் 2. "பிராசஸர ஓவர்கிளாக் பண்ணிக் குடுங்கண்ணா" என்றான். ஆட்டத்தை ஓட்டிக் காட்டச் சொன்னேன். கார்டு அறுபது சதவீதத்தைத் தாண்டவில்லை, அவன் சந்தேகம் சரிதான். 3600ஐ ஏற்றினால் கிடைப்பது சொற்பம் என்று சொன்னேன். பி450 போர்டுக்கு பயாஸ் அப்டேட் செய்து, அதே கேஷ் அடுக்கு உள்ள 5700எக்ஸ்3டி போட்டேன். உச்ச வேகம் 4.2இலிருந்து 4.1க்கு இறங்கியது. பெட்டியைப் பார்த்து முகம் வாடியவன், கூட்டமான சண்டைகளிலும் ஃபிரேம் விழாததைப் பார்த்துத்தான் தெளிந்தான். ஃபிரேம் வரம்பை 141இல் வைத்து அனுப்பினேன். அடுத்து 1440 மானிட்டர் வாங்கப்போவதாகச் சொல்லியிருக்கிறான். புள்ளிகள் ஒன்றேமுக்கால் மடங்குக்கு மேல் ஆகும், வேலை கார்டின் பக்கம் சாயும். வாங்கியதும் செட்டைக் கொண்டுவா, மறுபடி அளந்து பார்த்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறேன்.